ஆர்சனல் கால்பந்து அணி: கோப்பைக் கணக்கு வேண்டாம், மனதில் நிற்கும் பழைய வீரரைச் சொல்லுங்கள்

ஏழாம்நம்பர் எழுதியது:

போன வாரம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடியிலிருந்து ஒரு பழைய ஜெர்சி வந்தது. முதுகில் ரோசிட்ஸ்கி, 7. பெயர் பாதி உரிந்துவிட்டது, எண் மட்டும் முழுதாக இருக்கிறது. பக்கத்தில் நின்ற அக்கா மகன் (பதினொரு வயது) "இது சாகா நம்பர்தானே, யார் மாமா இவர்?" என்று கேட்டான்.

சட்டென்று பதில் வரவில்லை. பத்து வருடம் நம்மிடம் இருந்தார், 2006 முதல் 2016 வரை. லீக் பட்டம் கிடையாது. அந்தப் பத்து வருடத்தில் பெரும்பகுதி காயத்திலேயே போனது. 2008 ஜனவரியில் அடிபட்டுப் போனவர் 2009 செப்டம்பரில்தான் திரும்பக் களத்தில் இறங்கினார். எண்களை வைத்துச் சொன்னால் பையனுக்கு ஒன்றும் விளங்காது.

அதனால் ஒரு கோலைச் சொன்னேன். 2014 மார்ச், நம் பரம எதிரி டாட்டன்ஹாமின் மைதானம், ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடம். சேம்பர்லினோடு பந்தைக் கொடுத்து வாங்கி ஓடினார். பெனால்டி பெட்டிக்கு வலப்பக்கம் பந்து உருண்டு வந்தது. நிறுத்தவில்லை, தலை நிமிரவில்லை, ஓடிய வேகத்திலேயே ஒரு அடி. அவர்கள் கோல்கீப்பர் லோரிஸ் கை எட்டாத உயரத்தில் வலைக்குள் போய்விட்டது. மீதி 88 நிமிடமும் நாம் தடுத்து ஆடியே 1-0 என்று ஜெயித்தோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் அவர் பாஸ். வலது காலின் வெளிப்பக்கத்தால் தள்ளுவாரே, அது. பாதத்தை உள்பக்கம் லேசாக மடக்கி, சுண்டுவிரல் பக்கமாகப் பந்தைத் தட்டுவார். பந்து முதலில் நேராகப் போய், கடைசியில் வளைந்து ஓடுகிறவன் காலடியில் விழும். இதே பாஸை இடது காலால் கொடுப்பது எளிது என்று தோன்றும். ஆனால் அதற்கு உடம்பைத் திருப்ப வேண்டும். அந்த அரை விநாடியை எதிரிக்குக் கொடுக்க அவருக்கு மனசு வராது.

கடைசியாக ஆர்சனல் சட்டையில் இறங்கியது 2016 ஜனவரி, எஃப்.ஏ. கோப்பையில் பர்ன்லிக்கு எதிராக. பல மாதங்கள் கழித்து சப்பாக (மாற்று ஆட்டக்காரராக) வந்தார். வந்த சில நிமிடங்களிலேயே தொடையில் காயம். முகத்தைப் பார்த்தாலே வலி தெரிந்தது. இருந்தும் விசில் அடிக்கும் வரை வெளியே போகவில்லை. அதோடு முடிந்தது.

சரி, என் கேள்வி இதுதான். ஹென்றி 228 கோல் அடித்தார், தோற்காமல் ஒரு சீசன் முடித்தோம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் மனதில் தங்கிவிட்ட ஒரு பழைய வீரரையும் ஒரு காட்சியையும் சொல்லுங்கள். பையனிடம் காட்ட ஒரு பட்டியல் தயார் செய்கிறேன்.

---

இடதுவிங் எழுதியது:

சாண்டி கசோர்லா. யோசிக்கவே வேண்டியதில்லை.

இடது விங் என்று பெயர் வைத்திருக்கிறேன், ஆனால் அவருக்கு எந்தக் கால் சொந்தக் கால் என்று இன்றுவரை எனக்குச் சரியாகப் புலப்படவில்லை. ஒரு கார்னரை வலது காலால் எடுப்பார், அடுத்ததை இடது காலால் எடுப்பார். 2015 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 2-0 என்று ஜெயித்தோமே, அந்த 90 நிமிடத்தையும் அப்படியே பையனுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பெனால்டி அடித்தார், ஜிரூவின் தலைக்கு ஃபிரீ கிக்கை அளந்து வைத்தார். ஆனால் நான் சொல்ல வருவது மற்றது. மூன்று பேர் சுற்றி நிற்பார்கள், பந்து அவர் காலடியில் இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். இந்தப் பக்கம் போவது போலத் தோளைச் சாய்த்துவிட்டு அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுவார்.

பிறகு அந்தக் கணுக்கால். 2016 அக்டோபரில் லுடோகோரெட்ஸ் ஆட்டத்தில் வெளியே போனவர் ஆர்சனலுக்கு மறுபடி ஆடவேயில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் கிருமி புகுந்து குதிகால் தசைநாரில் பல சென்டிமீட்டரை அரித்துவிட்டது. தோட்டத்தில் மகனோடு நடக்க முடிந்தாலே போதும் என்று டாக்டர்கள் சொன்னதாக அவரே பின்னால் பேட்டியில் சொன்னார். கணுக்காலில் ஒட்ட முன்கையிலிருந்து தோலை எடுத்தார்கள். அந்த இடத்தில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். இப்போது அந்தப் பெயரில் பாதி கையிலும் பாதி காலிலும் இருக்கிறது. அந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோது நான் அழுதேன்.

அப்படிப்பட்ட மனிதர் வில்லாரியலில் திரும்ப ஆடினார், ஸ்பெயின் அணிக்கே திரும்பினார். கடைசியில் சிறுவயதில் ஆடிய ஓவியேடோவுக்கு, விதிப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் போனார். 2025-ல் அந்த அணி முதல் பிரிவுக்கு ஏறியது. அப்போது அவருக்கு 40 வயது. அன்று ஆர்சனல் ரசிகர்கள் எத்தனை பேர் ஓவியேடோ ஆட்டம் பார்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் குழுவில் எல்லோருமே பார்த்தோம்.

---

பின்வரிசை எழுதியது:

கசோர்லா என்றால் எல்லோரும் 2014 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி ஃபிரீ கிக்கைச் சொல்வார்கள். ஹல் சிட்டி எட்டு நிமிடத்தில் 2-0. ஒன்பது வருடமாக ஒரு கோப்பையும் இல்லாத நமக்கு மறுபடியும் அதே கதி என்று நினைத்தபோது, 17-வது நிமிடத்தில் அவர் அடித்தார். சரிதான். ஆனால் அதற்குச் சில நிமிடம் முன்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை. ஹல் தலையால் முட்டிய இன்னொரு பந்து கோல் கோட்டைத் தாண்டப் போனது. கீரன் கிப்ஸ் கோட்டிலேயே நின்று தலையால் வெளியே தள்ளினார். அது உள்ளே போயிருந்தால் 3-0. கசோர்லா ஃபிரீ கிக், கொசியெல்னி சமன் செய்தது, எக்ஸ்ட்ரா டைமில் ராம்சி அடித்தது, எதற்குமே அர்த்தம் இருந்திருக்காது. கோல் அடித்தவர்களுக்குச் சிலை வைக்கட்டும். என் பட்டியலில் கிப்ஸின் அந்தத் தலைக்கு ஓர் இடம் உண்டு.

என் ஆள் மெர்டசாக்கர்.

2011-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்ட் மைதானத்தில் 8-2 என்று அடிவாங்கிய அதே வாரம் வந்தவர். மெதுவாக ஓடுகிறார் என்று முதல் நாளிலிருந்தே குறை சொன்னார்கள். உண்மைதான், மெதுவாகத்தான் ஓடினார். ஆனால் ஓட வேண்டிய நிலைமை வராத இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பார். டிவியில் இது தெரியாது, ஏனென்றால் கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது.

2016-17 சீசன் முழுவதும் முழங்கால் காயம். லீக்கின் கடைசி நாள் எவர்ட்டனோடு கொசியெல்னிக்கு ரெட் கார்டு, காப்ரியேலுக்கு அடி. வேறு வழியில்லாமல் மெர்டசாக்கரை இறக்கினார்கள். அடுத்த சனிக்கிழமை வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி, எதிரே லீக் சாம்பியன் செல்சி, முன்னால் டியேகோ கோஸ்டா. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காத டிஃபெண்டரை நடுவில் நிறுத்தினார் மேனேஜர் வெங்கர்.

அந்த ஆட்டத்தில் நான் பந்தையே பார்க்கவில்லை, அவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோஸ்டா திரும்பும்போதெல்லாம் அந்த நீளக் கால் ஒன்று குறுக்கே வந்து நின்றது. ஹோல்டிங் பக்கத்தில் நின்றார், சின்னப் பையன். அவருக்கு ஒவ்வொரு முறையும் கையைக் காட்டி இங்கே வா, அங்கே போ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2-1. அடுத்த வருடம் ஓய்வு பெற்று நம் அகாடமியின் பொறுப்புக்கு வந்தார். சாகா மேலே ஏறி வந்தபோது அகாடமியை நடத்திக்கொண்டிருந்தவர் இவர்தான் என்று உங்கள் மருமகனுக்குச் சொல்லுங்கள்.

---

கடிகாரமுனை எழுதியது:

இந்த இழையைக் காலையிலிருந்து மூன்று தடவை திறந்து மூடிவிட்டேன். எழுதியே ஆக வேண்டும்.

7-ஆம் எண் என்றால் என் தலைமுறைக்கு ரோசிட்ஸ்கியும் இல்லை, பிரெஸ்ஸும் இல்லை. டேவிட் ரோகாஸ்டில். ராக்கி.

நான் லண்டன் வந்தது 1986-ல். குளிருக்குச் சரியான கோட்டு இல்லை, பேச ஆளில்லை. வேலை செய்த இடத்தில் ஒரு ரேடியோ மட்டும் இருந்தது. 1987 மார்ச்சில் லீக் கோப்பை அரையிறுதி, டாட்டன்ஹாமோடு. இரண்டு ஆட்டம் ஆடியும் முடிவு வராமல் மூன்றாவது ஆட்டம், அதுவும் அவர்கள் மைதானத்தில். அவர்கள்தான் முதலில் கோல் அடித்தார்கள். முடிய எட்டு, பத்து நிமிடம் இருக்கையில் ஆலின்சன் சமன் செய்தார். கடைசி நிமிடத்தில் பெட்டிக்குள் வந்த பந்தை ராக்கி உள்ளே தள்ளினார். எனக்கு ஆங்கிலம் அப்போது பாதிதான் புரியும். அந்தப் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது. ரோகாஸ்டில், ரோகாஸ்டில் என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். அந்த ஊரில் முகம் தெரியாமல் எனக்குப் பிடித்துப்போன முதல் மனிதர் அவர்.

பிறகு நம் பழைய மைதானமான ஹைபரியில், கிளாக் எண்ட் என்ற பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தேன். ராக்கி ஆடுவதை எப்படிச் சொல்வது? தெருவில் ஆடிப் பழகிய தந்திரமும், அடிபட்டாலும் விழாத உடம்பும் ஒரே ஆளிடம் இருந்தன. பந்தின் மேல் காலைச் சுழற்றி ஏமாற்றுவார், பந்தைப் பறிகொடுத்தால் பறித்தவனைத் துரத்திப் போய் வாங்கி வருவார். 1991 அக்டோபரில் ஓல்ட் டிராஃபர்டில் அவர்கள் கோல்கீப்பர் ஷ்மைகல் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். பந்து குறுக்குக் கம்பியில் பட்டு உள்ளே விழுந்தது. அது எங்கே கிடைத்தாலும் பாருங்கள்.

இயன் ரைட்டும் ராக்கியும் தென்கிழக்கு லண்டனில் ஒரே குடியிருப்பில் வளர்ந்தவர்கள். ராக்கி வயதில் சின்னவர், ஆனால் முதலில் பெரிய ஆளானது அவர்தான். ரைட் 1991 செப்டம்பரில் ஆர்சனலுக்கு வந்தார், லீகில் முதல் ஆட்டத்திலேயே சவுத்தாம்ப்டன் மேல் மூன்று கோல். அடுத்த கோடையில் ராக்கியை லீட்ஸுக்கு விற்றுவிட்டார்கள். பால்ய நண்பர்கள் இருவரும் ஒரே சட்டையில் ஆடியது அந்த ஒரே சீசன்தான். ராக்கியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரைட்டுக்கு இன்றும் கண் கலங்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2001 மார்ச் 31. ஹைபரியில் டாட்டன்ஹாமோடு ஆட்டம். அன்று காலை ராக்கி புற்றுநோயில் இறந்துபோனார். வயது 33. மைதானத்துக்குப் போகும் வழியிலேயே ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு போனார்கள். யாரும் பாடவில்லை. ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று மௌனம். எதிரணி ரசிகர்களும்தான். டாட்டன்ஹாமோடு ஆட்டம் என்றால் என்ன சத்தம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று ஹைபரியில் அப்படி ஒரு அமைதி. எனக்கு முன்னால் நின்றிருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். தொப்பியில் கிளப் முத்திரை, அதன் தங்க நூல் ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. அந்த ஒரு நிமிடமும் நான் பார்த்தது அந்த நூலைத்தான்.

2-0 என்று ஜெயித்தோம். முதல் கோல் பிரெஸ். 7-ஆம் எண்.

நீ யார், என்னவாக இருக்கிறாய், யார் சார்பாக நிற்கிறாய் என்பதை மறக்காதே. ராக்கி சொன்னது இது. கிளப்பில் இன்றும் இதைச் சொல்கிறார்கள். தம்பி, உங்கள் பட்டியலில் முதல் பெயராக இதைப் போடுங்கள்.

---

இடதுவிங் எழுதியது:

ஐயா, ராக்கியைப் பெயராக மட்டும்தான் தெரிந்து வைத்திருந்தேன். ஓல்ட் டிராஃபர்ட் கோலை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நான்கு முறை பார்த்துவிட்டேன்.

---

மலர்_கன்னர் எழுதியது:

கடிகாரமுனை ஐயாவுக்கு வணக்கம். உங்கள் பதிவுக்குப் பிறகு எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

பெண்கள் அணியையும் சேர்த்துக்கொள்ளலாம்தானே? அலெக்ஸ் ஸ்காட். 2007 ஏப்ரல், யூஇஎஃப்ஏ மகளிர் கோப்பை இறுதி, இரண்டு கட்டமாக நடந்தது. எதிரணி ஸ்வீடனின் உமெயோ, அந்தக் காலத்தில் ஐரோப்பாவே பயந்த அணி, மார்த்தா ஆடிய அணி. நமக்கோ கெல்லி ஸ்மித் இல்லை, தடை. முதல் ஆட்டம் அவர்கள் ஊரில். 90 நிமிடம் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில், வலது பின்வரிசையில் ஆடும் ஸ்காட் முன்னால் ஏறிப் போய் வெகு தூரத்திலிருந்து அடித்தார். 1-0. திரும்ப இங்கே நடந்த ஆட்டத்தில் 0-0 என்று பிடித்து நிறுத்தினார்கள். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இங்கிலாந்து அணி அதுதான். அந்தச் சீசனில் ஆடிய நான்கு கோப்பையும் நம்முடையது.

அந்த அணியின் மேனேஜர் விக் ஏகர்ஸ். அவரேதான் ஆண்கள் அணியின் ஜெர்சி, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட கிட் மேனேஜரும். வெங்கர் பக்கத்தில் பெஞ்சில் எப்போதும் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். எத்தனையோ பேர் அவரைப் பார்த்திருப்பார்கள், ஐரோப்பியக் கோப்பை வென்ற மேனேஜர் என்று தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு ஆட்டம் பிடித்துப்போனதற்கே காரணம் அந்த அணிதான். அப்பாவும் அண்ணனும் பார்க்கும்போது ஓரமாக நின்று பார்த்த எனக்கு, இது எனக்கும் உரியது என்று அந்தக் கோல்தான் சொன்னது.

---

பத்து_மீட்டர் எழுதியது:

எல்லோரும் நல்லவர்களையே சொல்கிறீர்கள். நான் ஒரு சங்கடமான பெயரைச் சொல்கிறேன். வான் பெர்சி.

2011-12-ல் கேப்டனாக லீகில் 30 கோல். அந்த வருடம் அணியைத் தூக்கி நிறுத்தியது அவர் ஒருவர்தான். செல்சி மைதானத்தில் 5-3 என்று ஜெயித்த அன்று மூன்று கோல் அடித்தார். 2006-ல் சார்ல்டனோடு காற்றிலேயே அடித்த அந்த வாலி, இரண்டு காலும் தரையில் இல்லை. இதையெல்லாம் நான் மனதிலிருந்து அழிக்க வேண்டுமா? என்னால் முடியவில்லை.

---

பின்வரிசை எழுதியது:

அழிக்க வேண்டாம். ஆனால் 2013 ஏப்ரலில் நம் மைதானத்துக்கே மான்செஸ்டர் யுனைடெட் சாம்பியனாக வந்தபோது, நம் வீரர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்ட, அவர் நடுவில் நடந்து வந்தார். அன்று பெனால்டியும் அடித்தார். அதைப் பார்த்த பிறகு பழைய வாலியைப் பார்க்கும்போது எனக்கு ஏதோ அடைக்கிறது. கிளப்பை மாற்றுவது அவர் உரிமை. அன்பு தொடர வேண்டும் என்று என்னைக் கேட்க முடியாது.

---

மலர்_கன்னர் எழுதியது:

அப்படியானால் ஃபாப்ரிகாஸ்? அவரும் பார்சலோனா போய், பிறகு செல்சி போனவர்தானே. ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. 2010 மார்ச் 31, பார்சலோனா நம் மைதானத்தில் 2-0 முன்னிலை. வால்காட் ஒன்று அடித்தார். 85-வது நிமிடத்தில் பெனால்டி. ஃபாப்ரிகாஸ் அடித்தார், 2-2. அடித்த காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. கால் எலும்பு முறிந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சப் எல்லாம் முடிந்துவிட்டதால் மீதி நேரமும் நொண்டிக்கொண்டே களத்தில் நின்றார். எந்த அணிக்கு எதிராக? சிறுவயதில் அவர் வளர்ந்த, திரும்பப் போக ஆசைப்பட்ட அணிக்கு எதிராக.

2014-ல் அவரைத் திரும்ப வாங்கும் முதல் உரிமை நம்மிடம்தான் இருந்தது. நாம் வேண்டாம் என்றோம். அதனால் இதை வான் பெர்சியோடு சேர்க்காதீர்கள்.

---

பத்து_மீட்டர் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த வாலி என் பட்டியலில் இருக்கட்டும், ஆளை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன்.

---

மதில்19 எழுதியது:

கில்பெர்ட்டோ சில்வா பெயர் இன்னும் வரவில்லையே! 2002-ல் உலகக் கோப்பையை வென்ற கையோடு வந்தவர். கண்ணுக்குத் தெரியாத சுவர் என்று அவரைச் சொல்வார்கள். என் பெயரே அதனால்தான்.

2004-ல் தோற்காத அணியைப் பற்றி எத்தனை கட்டுரை வந்திருக்கும். ஹென்றி, பெர்காம்ப், வியெரா, பிரெஸ் என்று நான்கு பேரோடு பத்தி முடிந்துவிடும். வியெரா முன்னால் ஏறும்போதெல்லாம் பின்னால் யார் நின்றார் என்று கேட்டால்தான் இவர் பெயர் வரும். ஆனால் இப்போதைய எமிரேட்ஸ் மைதானத்தில் ஆர்சனலின் முதல் லீக் கோலை அடித்தவர் இவர்தான். 2006 ஆகஸ்ட் 19, ஆஸ்டன் வில்லா, 1-1. ஹென்றி காயத்தில் கிடந்த அந்தச் சீசனில் கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு லீகில் பத்துக் கோல் அடித்தார். எல்லாம் முடிந்ததும் சத்தமில்லாமல் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

அதே அணியில் ரெயஸையும் சேர்க்க வேண்டும். 2004 ஜனவரியில் வந்த பையன். அடுத்த மாதமே எஃப்.ஏ. கோப்பையில் செல்சி மேல் இரண்டு கோல். லீகை வென்ற பிறகு எல்லோரும் களைத்துப்போயிருந்த மே மாதத்தில், போர்ட்ஸ்மத்தில் நாம் பின்தங்கியிருந்தோம். சமன் செய்தது ரெயஸ். அடுத்து ஃபுல்ஹாமில் 1-0, அந்த ஒரு கோலும் ரெயஸ். போர்ட்ஸ்மத்தில் அந்தக் கோல் விழாமல் போயிருந்தால் தோற்காத சீசன் என்று இன்று பேச ஒன்றுமே இருந்திருக்காது. 2019 ஜூன் 1, கார் விபத்தில் போய்விட்டார். 35 வயது. செய்தியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த இரண்டு கோல்கூட இல்லை, இடது ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஓடும் அந்த ஓட்டம்.

---

இடதுவிங் எழுதியது:

கானுவையும் சேருங்கள். 1999 அக்டோபர், செல்சி மைதானம், மழை. 2-0 என்று பின்னால் இருந்து கடைசிப் பதினைந்து நிமிடத்தில் தனியாக மூன்று கோல். மூன்றாவது, கோல்கீப்பரை ஓரக் கோட்டுக்கே இழுத்து வந்து ஏமாற்றி, நிற்கவே இடமில்லாத கோணத்திலிருந்து அடித்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால் இதய வால்வில் கோளாறு, இனி ஆட முடியாது என்ற நிலைமையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதர். பின்னால் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்காக ஓர் அறக்கட்டளையே தொடங்கினார்.

---

கடிகாரமுனை எழுதியது:

பிரெஸ் பெயர் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அவரைப் பற்றி இரண்டு காட்சி.

2002 மார்ச்சில் நியூகாசிலோடு ஆடும்போது எதிரியின் காலைத் தாண்டிக் குதித்து இறங்கினார், முழங்கால் போய்விட்டது. அதுவரை அந்தச் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். பத்திரிகையாளர்கள் விருதும் அவருக்குத்தான் கொடுத்தார்கள். மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்து ஹைபரியில் லீக் சாம்பியன் பட்டத்துக்கான கோப்பையைக் கொடுத்தார்கள். பிரெஸ் சாதாரண உடையில் வந்தார். அவர் கையில் கோப்பையைக் கொடுத்ததும், மொத்த அணியும் அவர் முன்னால் வரிசையாக நின்று இரண்டு கையையும் உயர்த்தி, குனிந்து கும்பிட்டது. வியெரா, ஹென்றி, எல்லோரும். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆட முடியாமல் போனவனுக்கு முதல் மரியாதை செய்த அணி அது. அதனால்தான் அந்த அணியை இன்னும் நினைக்கிறோம்.

இரண்டாவது, 2006 பாரிஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதி, அவர் நாட்டின் மைதானம். 18-வது நிமிடத்தில் நம் கோல்கீப்பர் லேமானுக்கு ரெட் கார்டு. மாற்றுக் கோல்கீப்பர் அல்முனியா உள்ளே வர ஒருவர் வெளியேற வேண்டும். பலகையில் வந்த எண் 7. பிரெஸ் ஒரு கணம் நின்று பார்த்தார். அப்புறம் நடந்தார். ஆர்சனலுக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான், ஆறு வருடத்துக்குப் பின் வெறும் இருபது நிமிடம். வெங்கர் செய்தது சரியா தவறா என்று இன்னும் வாதாடுகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. அவர் வெளியே வரும்போது எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். டிக்கெட்டுக்காக இரண்டு மாதச் சேமிப்பைச் செலவழித்திருந்தேன். அந்தக் கைதட்டலுக்காக மட்டும் என்றாலும் மறுபடி செலவழிப்பேன்.

---

பத்து_மீட்டர் எழுதியது:

ஐயா, ஹைபரி இருந்த இடத்துக்கு இப்போதும் போவீர்களா?

---

கடிகாரமுனை எழுதியது:

போவேன். இப்போது எல்லாம் வீடுகள். கிழக்கு ஸ்டாண்டின் முகப்பை, அது பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்பதால், அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆடுகளம் இருந்த இடம் தோட்டம். வெளியே தெருவில் நின்று முகப்பைப் பார்த்துவிட்டு எமிரேட்ஸ் நோக்கி நடப்பேன். ஆட்ட நாள் என்றால் அந்த வழியாகத்தான் போவேன், சுற்று வழிதான் என்றாலும்.

---

ஏழாம்நம்பர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நானும் பையனும் ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறோம். ராக்கியின் ஓல்ட் டிராஃபர்ட் கோல் முதலில், ஐயா சொன்னபடி. கிப்ஸ் தலையால் தள்ளியதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். "மாமா, பந்து கோட்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்கு பாருங்க" என்று திரையில் விரலை வைத்துக் காட்டினான். பிரெஸ் முன்னால் எல்லோரும் கும்பிடுவதைப் பார்த்தபோது எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவர் அன்று ஏன் ஆடவில்லை என்று மட்டும் கேட்டான், சொன்னேன்.

அலெக்ஸ் ஸ்காட் கோலை அவன் தங்கையும் வந்து உட்கார்ந்து பார்த்தாள். மலர், இது உங்களுக்கு.

இன்று சாயங்காலம் அவன் அந்தப் பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டான், முழங்கால் வரை தொங்குகிறது. பின்பக்கச் சுவரில் காலின் வெளிப்பக்கத்தால் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். பந்து எங்கெங்கோ போனது. பாதத்தை எப்படி மடக்க வேண்டும் என்று உட்கார்ந்து அவன் குதிகாலைப் பிடித்துக் காட்டினேன். இருபது, இருபத்தைந்து முறை இருக்கும். ஒன்று சரியாக வளைந்து வந்து நான் நின்ற இடத்தில் என் காலில் பட்டது. "இதானா மாமா?" என்றான். இதேதான் என்றேன்.

நாளைக்குக் கானு.